காந்தளும் குறிஞ்சியும்: ஒரே பட்டியல்ல இருந்த ரெண்டு பூ

1/
இன்னிக்குக் கொஞ்சம் நீளமான த்ரெட். சுகர், பிரஷர் எதுவும் இல்ல. ரெண்டு பூவோட வரலாறு. ஒண்ணு செங்காந்தள், நம்ம கொங்குப் பக்கம் சொல்ற கண்வலிக்கிழங்கு. இன்னொண்ணு நீலக்குறிஞ்சி. பூவைப் பத்தி அரசு ஆஸ்பத்திரி டாக்டர் எதுக்குப் பேசணும்னு கேட்டீங்கன்னா, இதுல ஒண்ணோட விதையில இருந்து வந்த மருந்து உங்க வீட்டு மாத்திரை டப்பாவுலயே இருக்கலாம். ஒரு டீ வெச்சுக்கிட்டு உக்காருங்க.

2/
பத்துப்பாட்டுல ஒண்ணு குறிஞ்சிப்பாட்டு. பாடுனவர் கபிலர். அதுல பொண்ணுங்க அருவியில குளிச்சிட்டு மலையில பூப் பறிச்சுக் குவிக்கிற இடத்துல 99 பூவோட பேரை வரிசையாச் சொல்லுவார். ஸ்கூல்ல தமிழ் ஐயா சொல்லிக் கொடுத்திருப்பாங்க. அந்த வரிசையில முதல் பூ செங்காந்தள். அஞ்சாவது பூ குறிஞ்சி. நடுவுல ஆம்பல், அனிச்சம், குவளை. ரெண்டும் மலைப் பூ, ஒரே பாட்டு, கிட்டத்தட்ட பக்கத்துப் பக்கத்து சீட்டு.

3/
இந்தப் பட்டியலே ஒரு தடவை பாதி தொலைஞ்சு திரும்பக் கிடைச்சதுதான். உ.வே.சாமிநாதையர் 1889ல பத்துப்பாட்டை அச்சுல கொண்டுவர்றதுக்காக ஏடு ஏடாத் தேடினப்ப, குறிஞ்சிப்பாட்டுல சில பூப்பேர் விட்டுப் போயிருந்துச்சு. கடைசியில தருமபுர ஆதீனத்து ஏட்டுல அந்தப் பேருங்க கிடைச்சுது. ஏட்டுல தொலைஞ்ச பூவுக்கு இன்னொரு பிரதி இருந்துச்சு, பொழைச்சுது. செடிக்கு இன்னொரு பிரதி எங்க இருக்கு? இந்த த்ரெட்டே அந்தக் கேள்விதான்.

4/
இப்ப ரெண்டு பூவும் இன்னொரு பட்டியல்ல இருக்கு. ஐ.யூ.சி.என்.னு சொல்ற உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1964ல இருந்து வெச்சிருக்கிற சிவப்புப் பட்டியல். எங்க கேஷுவாலிட்டில ஆக்சிடென்ட் கேஸ் பத்து பேர் ஒண்ணா வந்தா ட்ரையேஜ் பண்ணுவோம். ரெட், யெல்லோ, கிரீன். யாரை முதல்ல பாக்கணும்னு தரம் பிரிக்கிறது. சிவப்புப் பட்டியலும் அதே வேலைதான். கவலை குறைவு, கிட்டத்தட்ட ஆபத்து, பாதிக்கப்படக்கூடியது, ஆபத்தானது, மிக ஆபத்தானது, காட்டுல அழிஞ்சது, முழுசா அழிஞ்சதுன்னு படிப்படியாப் போகும்.

5/
இதுல செங்காந்தளுக்குக் கிடைச்சது 'கவலை குறைவு'. அதாவது கிரீன். நீலக்குறிஞ்சிக்கு 2024ல கிடைச்சது 'பாதிக்கப்படக்கூடியது'. அதாவது யெல்லோ. அப்ப காந்தள் பொழைச்சுது, குறிஞ்சிக்குத்தான் சிக்கல்னு முடிச்சிடலாமா? ட்ரையேஜ் தெரிஞ்ச யாரும் அப்படி முடிக்க மாட்டாங்க. கிரீன் டேக் போட்டுட்டா வீட்டுக்கு அனுப்பிடலாம்னு அர்த்தம் கிடையாது. ஏன் கிரீன் போட்டாங்கன்னு கேஸ் ஷீட்டைப் படிக்கணும். படிப்போம்.

6/
முதல் பேஷன்ட், காந்தள். மழை விழுந்தா மண்ணுக்குள்ள இருக்கிற கிழங்கு முளைச்சுக் கொடியா ஏறும். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பி மாதிரி வேலியைப் பிடிச்சுக்கும். ஆறு இதழ், ஓரம் நெளிநெளியா, மேல்நோக்கி எரியற நெருப்பு மாதிரி. மொதல்ல பச்சை கலந்த மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு, கடைசியில செக்கச் செவேல். நம்ம பக்கம் கிளுவை வேலியிலயும், கள்ளிப் புதர்லயும் கார்த்திகையை ஒட்டிப் பூக்கறதால கார்த்திகைப் பூன்னும் பேரு.

7/
பேருங்களே ஒரு வரலாறு. கிழங்கு ஏர்க்கலப்பை மாதிரி ரெண்டாக் கவைச்சு வளைஞ்சிருக்கும், அதனால கலப்பைக் கிழங்கு. பூவை உத்துப் பாத்தா கண் வலிக்கும்னு பெரியவங்க சொன்னதால கண்வலிக்கிழங்கு. கண் வலி வராதுங்க. ஆனா அது விஷச் செடிங்கறதால, கொழந்தைங்க கிட்டப் போகக் கூடாதுன்னு சொல்லி வெச்ச பேரா இருந்தா, அந்த ஆத்தாக்களுக்கு ஒரு கும்பிடு. நல்ல பப்ளிக் ஹெல்த் மெசேஜ்.

8/
17ஆம் நூற்றாண்டுல டச்சுக்காரங்க கொச்சியில இருந்து தொகுத்த ஹோர்டஸ் மலபாரிகஸ்ல இது மேந்தோன்னிங்கற மலையாளப் பேர்ல இருக்கு. 1753ல லின்னேயஸ் வெச்ச பேர் குளோரியோசா சூபர்பா. புகழ்மிக்க, மகத்தானன்னு ரெண்டு புகழ்ச்சி ஒரே பேர்ல. தமிழ்நாட்டோட மாநிலப் பூ இதுதான். ஜிம்பாப்வேக்கு தேசியப் பூவும் இதேதான். 1947ல அப்போதைய இளவரசி எலிசபெத்துக்கு அந்த நாட்டுப் பசங்க பரிசாக் கொடுத்தது இந்தப் பூ வடிவத்துல செஞ்ச வைர புரூச். ஆப்பிரிக்காவுல இருந்து ஆசியா வரைக்கும் பரவலாக் கெடக்கிற செடி. இந்தப் பாயின்டை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

9/
இப்ப மருத்துவ வரலாறு. மூட்டு வாதத்துல ஒரு வகை கவுட். அதுக்கு ஐரோப்பாவுல கால்சிக்கம்னு ஒரு செடியை ஆயிரம் வருஷத்துக்கும் மேல கொடுத்துட்டு வந்தாங்க. 1820ல பெலத்தியே, காவந்து ரெண்டு பிரெஞ்சுக்காரங்க அதுல இருந்து கால்சிசினைப் பிரிச்சாங்க. அதே வருஷம் சிங்கோனா பட்டையில இருந்து குவினைனைப் பிரிச்சதும் இதே ஜோடிதான். நம்ம காந்தள் கிழங்கை 1880ல கல்கத்தாவுல வார்டன்ங்கற டாக்டர் ஆராய்ஞ்சு, ஒரு கசப்புச் சத்தை எடுத்து சூபர்பின்னு பேர் வெச்சார். 1915ல இங்கிலாந்துல மூணு வேதியியலாளர்கள் நம்ம கிழங்குக்குள்ளயும் கால்சிசின்தான் இருக்குன்னு காட்டிட்டாங்க. ஐரோப்பாக் கவுட் மருந்து நம்ம கிளுவை வேலியிலயே தொங்கிட்டு இருந்திருக்கு.

10/
கால்சிசின் என்ன பண்ணும்? கோயம்புத்தூர்காரங்களுக்குச் சுலபமாப் புரியும். செல் ஒண்ணு ரெண்டாப் பிரியறப்ப உள்ள மெல்லிசா நூல் நூத்து, அந்த நூலால குரோமோசோமை ரெண்டு பக்கமும் இழுக்கும். அந்த அமைப்புக்கு மருத்துவத்துல பேரே ஸ்பிண்டில். நம்ம ஸ்பின்னிங் மில்லுல எண்ணுற அதே ஸ்பிண்டில். கால்சிசின் போனா நூல் நூக்க விடாது. மில்லு நின்னுடும். செல் பிரியாது. வெள்ளையணுக்களோட ஓட்டமும் குறையும், அதனாலதான் கவுட் வீக்கம் அடங்குது.

11/
சரியான அளவுல மருந்து, மீறினா விஷம். உடம்புல எந்த செல் வேகமாப் பிரியுதோ அது முதல்ல அடி வாங்கும். முதல் நாள் குடல்: வாந்தி, வயித்துப்போக்கு, வயித்து வலி. பாக்கறவங்க ஃபுட் பாய்சன்னு நெனச்சுக்குவாங்க. ரெண்டாவது மூணாவது நாள் எலும்பு மஜ்ஜை, கிட்னி, இதயம், நுரையீரல். வெள்ளையணுவும் தட்டணுவும் சரசரன்னு இறங்கும். தப்பிச்சவங்களுக்கு ஒண்ணு ரெண்டு வாரத்துல முடி கொத்துக் கொத்தாக் கொட்டும், அப்புறம் முளைக்கும். நாங்க கையில எடுத்துப் போடறதுக்குன்னு மாத்து மருந்து கிடையாது. டயாலிசிஸ்லயும் வெளியேறாது. தாங்கிப் பிடிக்கிற சிகிச்சைதான்.

12/
அதனால இந்த ஒரு போஸ்ட்டை மட்டுமாவது வீட்ல படிச்சுக் காட்டுங்க. கிழங்கு பாக்கறதுக்கு சாப்பிடற கிழங்கு மாதிரியே இருக்கும். இலங்கையில வத்தாளங்கிழங்குன்னு நெனச்சு வேக வெச்சுச் சாப்பிட்டு பாதிக்கப்பட்டவங்க இருக்காங்க. வேக வெச்சா விஷம் போகாது. எந்தக் காரணத்துக்காகவோ யாராவது சாப்பிட்டாங்கன்னு தெரிஞ்சா உடனே 108. மிச்சக் கிழங்கையோ கொடியையோ பையில போட்டு எடுத்துட்டு வாங்க, எங்களுக்கு அரை நாள் மிச்சம். வாந்தி நின்னுடுச்சு, தேறிட்டாங்கன்னு ரெண்டாம் நாள் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. கஷ்டமே அதுக்கப்புறம்தான். பிரசவ வலி வரணும்னு இதை அரைச்சுத் தடவற பழக்கம் எங்காவது இருந்தா அதையும் நிறுத்துங்க.

13/
மருந்துப் பக்கம். கவுட்டுக்கு கால்சிசின் இன்னும் முதல் வரிசை மருந்து. 2023ல அமெரிக்காவுல எஃப்.டி.ஏ. இதே கால்சிசினை சின்ன டோஸ்ல மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கவும் அனுமதிச்சிருக்கு. அப்புறம் முதுகு வலி, கழுத்துப் பிடிப்புன்னு போனா எழுதித் தர்ற தயோகால்சிகோசைடு. வலி மாத்திரையோட கலந்தே வரும், அட்டையைத் திருப்பிப் பாருங்க. அது காந்தள் விதையில இருக்கிற கால்சிகோசைடுல இருந்து செய்யறது. கர்ப்பிணிங்களும் கர்ப்பத்துக்குத் தயாராகுறவங்களும் அதைச் சாப்பிடக் கூடாது. ஸ்பிண்டில் கதை ஞாபகம் இருக்குல்ல?

14/
அந்த விதை எங்க விளையுது? மூலனூர், தாராபுரம், கள்ளிமந்தயம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி. நம்ம கொங்கோட வறண்ட கிழக்கு ஓரம். டெல்டா பக்கம் வேதாரண்யத்துலயும் உண்டு. கிணத்துத் தண்ணி குறைவா இருக்கிற செம்மண் பூமியில, வேலியில தானா ஏறிட்டு இருந்த கொடியைப் பந்தல் போட்டுப் பயிராக்கினது நம்ம விவசாயிங்க. ஆடி வாக்கில கிழங்கு ஊனுவாங்க. ஐப்பசி, கார்த்திகையில பூ. தை, மாசியில காய் பறிச்சு, உலர்த்தி, விதை எடுக்கணும்.

15/
வேலை லேசு கிடையாதுங்க. பூவோட சூல்தண்டு பக்கவாட்டுல திரும்பி மகரந்தத்தை விட்டுத் தள்ளி நிக்கும். தானா காய் பிடிக்கிறது குறைவு. அதனால காலை வெயில் ஏறுறதுக்குள்ள ஆளுங்க வரிசையில நின்னு ஒவ்வொரு பூவுக்கும் கையால மகரந்தம் தொட்டு வைக்கணும். தினமும். பெரும்பாலும் பொம்பளைங்க. விஷச் செடியைத் தொட்ட கை. உங்களுக்குத் தெரிஞ்சவங்க இந்த வேலைக்குப் போனா ஒண்ணு சொல்லுங்க: கையுறை போடுங்க, சோப்பு போட்டுக் கை கழுவாம சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காதீங்க.

16/
விலை? கிலோ ஆயிரக்கணக்கில போகும். ஒரு வருஷம் எகிறும், அடுத்த வருஷம் பாதியாகும். வாங்குறவங்க சில பேர், விக்கிறவங்க பல பேர். அரசே குறைஞ்சபட்ச விலை வைக்கணும்னு விவசாயிங்க கேட்டுட்டே இருக்காங்க. இன்னொரு பக்கம் 2009ல அமெரிக்காவுல ஒரே ஒரு கம்பெனிக்கு கால்சிசின் உரிமை போனதும், 10 சென்ட்டுக்குக் கீழ இருந்த மாத்திரை கிட்டத்தட்ட 5 டாலர் ஆச்சு. மருந்து ஆயிரம் வருஷம் பழசு, விலை மட்டும் புதுசு. அந்த ஏத்தத்துல மூலனூர் காட்டுக்கு என்ன வந்துச்சுன்னு நீங்களே யோசிங்க.

17/
இப்பத்தான் கேஸ் ஷீட்டோட முக்கியமான பக்கம். காந்தள் விதை போட்டா முளைக்க லேட்டாகும், பூவுக்கு வர மூணு நாலு வருஷம் ஆகும். கிழங்கு ஊனுனா அதே வருஷம் பூக்கும். அப்ப பயிர் பரவப் பரவ எல்லாருக்கும் கிழங்கு வேணும். கிழங்கு எங்க இருந்துச்சு? வேலியில, குட்டைக்கரையில, மலையடிவாரத்துல, காட்டுல. தோண்டித் தோண்டி வித்தாச்சு. கிழங்கைத் தோண்டினா செடியே போச்சு. பூப் பறிக்கிற மாதிரி இல்ல இது. அதோட கிளுவை வேலி போயி கம்பி வேலியும் காம்பவுண்டுச் சுவரும் வந்ததும் ஏறுறதுக்கு இடமும் போச்சு.

18/
ஆக, மூலனூர்ல ஏக்கர் கணக்குல காந்தள் இருக்கு. மூலனூர் வேலியில இருக்கான்னு கேட்டுப் பாருங்க. உலகப் பட்டியல் 'கவலை குறைவு'ன்னு சொல்றது ஆப்பிரிக்காவையும் சேத்து மொத்தமாப் பாத்து. ஆஸ்திரேலியாவோட கிழக்குக் கடலோர மணல் மேட்டுல இது பிடுங்கி எறியற களை! ஒரு நாட்டுல களை, இன்னொரு ஊர் வேலியில காணோம், பட்டியல்ல ரெண்டுக்கும் ஒரே கிரீன் டேக். மாநிலத்துல ஆஸ்பத்திரி பெட் தாராளமா இருக்குன்னா உங்க தாலூகா ஆஸ்பத்திரியில காலியா இருக்குன்னு அர்த்தமா? அதே கணக்குதான்.

19/
ரெண்டாவது பேஷன்ட். நீலக்குறிஞ்சி. தாவரவியல் பேர் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. கடல் மட்டத்துல இருந்து 1,340 மீட்டருக்கு மேல, 2,600 மீட்டர் வரைக்கும் இருக்கிற சோலைப் புல்வெளியில மட்டும் வளரும் புதர்ச் செடி. நீலகிரி, ஆனைமலை, பழனிமலை, மூணாறு. கிழக்கு மலைகள்ல ஏற்காடு மட்டும். உலகத்துல வேற எங்கயும் கிடையாது. காந்தள் மாதிரி ஆப்பிரிக்காவுல ஒரு ஸ்டாக் இருக்குன்னு சமாதானம் சொல்லவே முடியாது.

20/
12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும்னு எல்லாருக்கும் தெரியும். இன்னொரு பாதி பல பேருக்குத் தெரியாது: பூத்து, காய்ச்சு, விதை போட்டதும் அந்தச் செடி செத்துடும். மலை முழுக்க ஒரே வயசு, ஒரே பேட்ச், எல்லாம் ஒண்ணாப் பூத்து ஒண்ணாச் சாகும். அடுத்த தலைமுறை அந்த ஒரு சீசன் விதையில இருந்துதான் வரணும். 2006, 2018, அடுத்தது 2030. அந்த ஒரு வருஷம் தீ வெச்சாலோ, மிதிச்சு நாசம் பண்ணினாலோ, கட்டுக் கட்டாப் பறிச்சாலோ, போறது 12 வருஷம். பளியர் மக்கள் வயசையே குறிஞ்சிப் பூப்புக் கணக்குல சொல்லியிருக்காங்க. அஞ்சு குறிஞ்சி பாத்தவர்னா ஊர்ப் பெரியவர்.

21/
ஒரு சின்ன சந்தேகம் தீத்துக்கலாம். வருஷா வருஷம் 'குறிஞ்சி பூத்தாச்சு'ன்னு வாட்ஸ்அப்ல போட்டோ வருதே? அது பொய் இல்ல. குறிஞ்சிக் குடும்பத்துல பல பத்து இனம் இருக்கு. சிலது வருஷா வருஷம் பூக்கும், சிலது ஆறு ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை. நீலக்குறிஞ்சியிலயும் எல்லா மலையும் ஒரே வருஷக் கணக்குல ஓடறதில்ல. அதனால ஃபார்வர்டு பாத்துட்டு 'அப்ப குறிஞ்சிக்கு ஒண்ணும் ஆகல'ன்னு முடிவு பண்ணாதீங்க.

22/
குறிஞ்சிக்கு என்ன ஆச்சுங்கற கதை நம்ம ஜில்லாவுலதான் ஆரம்பிக்குது. 1819ல மலையேறி நீலகிரியை வெள்ளைக்காரங்க வாழற ஊரா மாத்த ஆரம்பிச்ச ஜான் சல்லிவன், கோயம்புத்தூர் கலெக்டர். 1868ல தனியாப் பிரியற வரைக்கும் நீலகிரி கோயம்புத்தூரோடதான் இருந்துச்சு. நடுவுல கொஞ்ச வருஷம் ஒரு பகுதி மட்டும் மலபாருக்குப் போயிட்டு வந்துச்சு. மேல போனவங்க கண்ணுக்குச் சோலை தெரிஞ்சுது, மரம் இல்லாத புல்வெளி 'சும்மா கெடக்கிற தரிசு'ன்னு தெரிஞ்சுது. குறிஞ்சி இருந்தது அந்தத் 'தரிசு'ல.

23/
அதே காலத்துல நம்ம ஊர்ல இன்னொருத்தர் இருந்தார். ராபர்ட் வைட். ஸ்காட்லாந்து டாக்டர், எடின்பரோவுல படிச்சிட்டு 1819ல கம்பெனி சர்ஜனா மெட்ராஸ் வந்தவர். 1840கள்ல கோயம்புத்தூர்ல அமெரிக்கப் பருத்தி விளையுமான்னு பாக்கற சோதனைப் பண்ணைக்குப் பொறுப்பு. அரசாங்கம் கேட்டது பருத்தி. அவர் மனசு செடியில. ரங்கையா, கோவிந்துன்னு ரெண்டு தென்னிந்திய ஓவியர்களை வெச்சு ஆயிரக்கணக்குல படம் வரைய வெச்சு, நீலகிரிச் செடிகளுக்குத் தனி நூலே போட்டார். 1853ல ஓய்வு. நம்ம மலைச் செடிகளை உலகம் தெரிஞ்சுக்கிட்டதுல கோயம்புத்தூர்ல உக்காந்திருந்த ஒரு டாக்டருக்கும் பேர் தெரியாமப் போன கைகளுக்கும் பங்கு உண்டு.

24/
ஒரு பக்கம் படம் வரைஞ்சாங்க, இன்னொரு பக்கம் புல்வெளி மாற ஆரம்பிச்சுது. 1830கள், 40கள்ல ஆஸ்திரேலியாவுல இருந்து சீகை மரமும் கற்பூர மரமும் வந்துச்சு. முதல்ல விறகுக்கு. அப்புறம் தேயிலை. சுதந்திரத்துக்கு அப்புறம் தோல் பதனிடச் சீகைப் பட்டை வேணும், ரேயானுக்கு மரக்கூழ் வேணும். 1960கள்ல ஓட ஆரம்பிச்ச சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு மலை மேல இருந்துதான் மரம் வந்துச்சு. ஆலைக் கழிவால பவானி கெட்டது நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. மேல புல்வெளி போனது யாருக்கும் ஞாபகம் இல்ல. மரம் நட்டா நல்லதுதானேன்னு நெனச்சுட்டோம்.

25/
எவ்ளோ போச்சு? பழனிமலையில செயற்கைக்கோள் படங்களை வெச்சுப் பண்ணின ஆய்வு 2018ல வந்துச்சு. நாப்பது வருஷத்துல சோலைப் புல்வெளியில மூணுல ரெண்டு பங்கு காலி. பெரும்பாலும் மரத் தோட்டமும் விவசாயமும். நீலக்குறிஞ்சிக்கான 2024 மதிப்பீடு, 34 இடங்கள்ல திட்டுத் திட்டா இருக்கு, அதுல 33 மேற்குத் தொடர்ச்சி மலை, ஒண்ணு ஏற்காடுன்னு சொல்லுது. இருப்பிடத்துல ஏறக்குறைய 40 சதவீதம் போயிடுச்சு. மிச்சத்தையும் அந்நிய மரங்கள் நெருக்கிட்டு வருது.

26/
காப்பாத்த எதுவுமே நடக்கலன்னு சொல்ல முடியாது. கேரளாவுல 2006ல குறிஞ்சிக்குன்னே ஒரு சரணாலயம் அறிவிச்சாங்க, குறிஞ்சிமலை. 2022ல திருத்தின வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல பாதுகாக்கப்பட்ட செடிகள் அட்டவணையில நீலக்குறிஞ்சி இருக்கு. பறிச்சாலும் பிடுங்கினாலும் குற்றம். அந்நிய மரங்களை எடுக்கணும்னு சென்னை உயர்நீதிமன்றம் சொல்லி, தமிழ்நாடு அரசு 2022ல கொள்கையும் கொண்டு வந்துச்சு. ஆனா சீகையை வெட்டினா மட்டும் போதாது. மண்ணுக்குள்ள பல வருஷ விதை காத்துக் கெடக்கும், மறுபடி கும்பலா முளைக்கும். புல்லை நட்டுக் காவல் இருக்கணும். 2018ல சட்டம், காவல் எல்லாம் தயாரா இருந்தும் ஆகஸ்ட் வெள்ளம் மூணாறு பூப்பைக் கெடுத்துடுச்சு. 12 வருஷத்துக்கு ஒரு பரீட்சைன்னா இப்படித்தான்.

27/
இப்ப ரெண்டு கேஸ் ஷீட்டையும் பக்கத்துல வைங்க. காந்தளுக்கு விலை இருக்கு. விலைதான் அதைக் காட்டுல இருந்து தோண்ட வெச்சுது, அதே விலைதான் இன்னிக்கு வயல்ல உயிரோட வெச்சிருக்கு. நாளைக்குக் கம்பெனிங்க விதை வாங்கறதை நிறுத்தினா பந்தலைப் பிரிச்சுட்டு முருங்கை போட்டுடுவாங்க, அதுல தப்பும் இல்ல. அப்ப வேலியும் காலி, வயலும் காலி. குறிஞ்சிக்கு விலையே இல்ல. தேன் தவிர சந்தைக்கு எதுவும் தராது. அதைப் பந்தல்ல ஏத்த முடியாது, பனியும் புல்லும் உள்ள அந்த உயரம் வேணும். ஒண்ணை விலை தோண்டுச்சு, இன்னொண்ணை விலை இல்லாததால இடத்தை வேற மரத்துக்குக் கொடுத்தோம்.

28/
அதனால பயன் இருந்தா செடி பொழைக்கும்ங்கற பேச்சை நான் நம்பறதில்ல. மருத்துவப் பயன் சொல்லித்தான் எதையும் காப்பாத்தணும்னு எங்க ஆளுங்களே பேசுவாங்க. காந்தளோட கதை அதுக்கு நேர் பதில். ரெண்டு பூவுக்கும் வேண்டியது ஒண்ணுதான், அது இருக்கிற இடம். ஒண்ணுக்கு வேலி, இன்னொண்ணுக்குப் புல்வெளி. ரெண்டையும் நாம 'சும்மா கெடக்கு'ன்னு சொன்ன இடங்கள்.

29/
ஏட்டுக்கு இன்னொரு பிரதி இருந்த மாதிரி செடிக்கும் ஏதாவது பிரதி இருக்கான்னு கேட்டோமே? ஒரு வகையில இருக்கு, நம்ம ஊர்லயே. பேர் மெட்ராஸ் ஹெர்பேரியம், இருக்கிறது கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்துல, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தோட தென் மண்டல மையத்துல. செடியைப் பறிச்சு, அழுத்தி, உலர்த்தி, ஊர் பேர், தேதியோட தாள்ல ஒட்டி வெச்ச பெரிய களஞ்சியம். எந்த வருஷம் எந்தக் குன்றுல எது இருந்துச்சுன்னு அங்க தெரியும். ஆனா உலர்ந்த தாள்ல இருந்து செடி முளைக்காது. அது இருந்ததுக்குச் சாட்சி மட்டும்தான்.

30/
நாம செய்ய முடிஞ்சது நாலு.
வேலியில காந்தள் இருந்தா அப்படியே விடுங்க, கிழங்கைத் தோண்டி விக்காதீங்க. கொழந்தைங்களுக்கு மட்டும் அடையாளம் காட்டி வையுங்க.
பயிர் பண்றவங்க கிழங்கு வாங்கினா, பயிர் பண்ற இன்னொரு விவசாயிகிட்ட வாங்குங்க. காட்டுக் கிழங்குன்னு கொண்டு வர்றவங்களைத் திருப்பி அனுப்புங்க.
மலையில மரம் நடுறேன்னு யாராவது நன்கொடை கேட்டா, எந்த இடம், முன்னாடி புல்வெளியா இருந்துச்சான்னு ஒரு கேள்வி கேளுங்க.
2030ல ஊட்டி, கொடைக்கானல் போனா தள்ளி நின்னு பாருங்க. ஒரு கொத்துக் கூடப் பறிக்காதீங்க.

31/
கடைசியா ஒரு உதவி. உங்க ஊர் வேலியில காந்தளைக் கடைசியாப் பாத்தது எந்த வருஷம், உங்க பக்கம் அதுக்கு என்ன பேருன்னு கீழ எழுதுங்க. ஊர் பேரும் போடுங்க. அம்மாயி, அப்பச்சி இருந்தா அவங்ககிட்டக் கேட்டு எழுதினா இன்னும் நல்லது. ஒரு தாலூகா அளவுக்குப் பதில் சேந்துச்சுன்னா தொகுத்து லாலி ரோட்டுல இருக்கிற தாவரவியல் ஆளுங்ககிட்டக் கொடுக்கறேன். உலகப் பட்டியல்ல இல்லாத நம்ம வேலிக் கணக்கு அதுலதான் இருக்கும். நைட் டியூட்டி இருக்கு, சந்தேகங்களுக்குக் காலையில பதில் சொல்றேன்.